பெயரைப் பறிகொடுத்த சூப்பர்ஹீரோயின்: எகிப்து தெய்வம் ஐசிஸுக்கு காமிக்ஸ் உலகில் என்ன ஆனது?

டுவைன் ஜான்சன் நடித்து 2022-ல் வெளியான 'பிளாக் ஆடம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அட்ரியானா டோமாஸ் என்ற கதாபாத்திரம் ஞாபகம் இருக்கலாம். சாரா ஷாஹி நடித்திருப்பார். பழங்காலக் கிரீடத்தைத் தேடுவது, நாட்டை ஆக்கிரமித்த கும்பலை எதிர்ப்பது, மகனைக் காப்பாற்ற ஓடுவது என படம் முழுக்க வருவார். ஆனால் கடைசி வரை சாதாரண மனுஷிதான். பறக்க மாட்டார், காற்றை ஏவ மாட்டார்.

டிசி காமிக்ஸில் இதே அட்ரியானா டோமாஸ், பிளாக் ஆடமுக்கு ஈடுகொடுக்கும் சூப்பர்ஹீரோயின். அங்கே அவருடைய பெயர் ஐசிஸ். பண்டைய எகிப்தின் மிகப் பெரிய பெண் தெய்வத்தின் பெயர்.

திரைக்கு வரும்போது அந்தப் பெயர் எங்கே போச்சு? ஒரு வரியில் பதில் சொல்லலாம்: ஐ.எஸ்.ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் கொஞ்சம் வேடிக்கையான, நிறைய வருத்தமான கதை ஒன்று இருக்கு.

யார் இந்த ஐசிஸ்?

சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன் பிரமிடுகளின் உட்சுவர்களில் செதுக்கப்பட்ட வாசகங்களிலேயே இவர் வந்துவிடுகிறார். தலையில் சிம்மாசன வடிவம் இருக்கும். கணவர் ஒசைரிஸை அவருடைய தம்பி சேத் கொன்றுவிட, சிதறிய உடல் துண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, மந்திரத்தால் உயிரூட்டி, ஹோரஸ் என்ற மகனைப் பெற்று, சதுப்பு நிலத்தில் ஒளித்து வளர்த்தவர். மனைவி, தாய், மருத்துவச்சி, மந்திரக்காரி எல்லாம் ஒரே ஆள். எகிப்தோடு நிற்கவில்லை, ரோமானியப் பேரரசு முழுக்கக் கோயில்கள் எழும்பின. எகிப்தின் தெற்கு எல்லையில் இருந்த பிலே தீவுக் கோயிலில் கி.பி. 6-ம் நூற்றாண்டு வரை வழிபாடு நடந்தது. அஸ்வான் அணை நீரில் அந்தக் கோயில் மூழ்காமல் இருக்க, 1970-களில் யுனெஸ்கோ உதவியோடு கல் கல்லாகப் பெயர்த்து பக்கத்துத் தீவில் மறுபடி கட்டினார்கள்.

இவரைப் பற்றிய கதைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாகணும். சூரியக் கடவுள் ராவுக்கு யாருக்கும் தெரியாத ஒரு ரகசியப் பெயர் உண்டு. அவருடைய சக்தியே அதில்தான் இருக்கு. வயதான ராவின் வாயிலிருந்து வழிந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து ஒரு பாம்பைச் செய்கிறார் ஐசிஸ். பாம்பு ராவைக் கடிக்கிறது. விஷம் ஏறித் துடிக்கும் ராவிடம், பெயரைச் சொன்னால்தான் குணப்படுத்துவேன் என்கிறார். ரா வேறு வழியில்லாமல் சொல்கிறார். பெயர்தான் பலம் என்று தெரிந்துவைத்திருந்த தெய்வத்துக்கே பெயர் போச்சு என்பதுதான் இந்த விவகாரத்தின் முரண்.

டீச்சராக வந்த தெய்வம்

ஐசிஸ் சூப்பர்ஹீரோயின் ஆனது காமிக்ஸில் இல்லை, டிவியில். 1975 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில், சனிக்கிழமை காலை குழந்தைகளுக்கான நேரத்தில் 'ஐசிஸ்' தொடர் தொடங்கியது. பிற்பாடு 'தி சீக்ரெட்ஸ் ஆஃப் ஐசிஸ்' என்று பெயர் மாறியது. தயாரித்தது ஃபிலிமேஷன் நிறுவனம். ஆண்ட்ரியா தாமஸ் என்ற அமெரிக்க அறிவியல் ஆசிரியை, எகிப்தில் அகழாய்வு செய்யும்போது அரசி ஹட்ஷெப்சூட்டுக்குச் சொந்தமான ஒரு தாயத்தைக் கண்டெடுக்கிறார். அதை அணிந்து தெய்வத்தை அழைத்தால் ஐசிஸ் ஆகிவிடுவார். ஜோஆனா கேமரூன் நடித்தார். துட்டன்காமனை நினைவுபடுத்தும் விதமாக டட் என்று பெயர் வைத்த ஒரு காகமும் உண்டு.

22 எபிசோடுதான் வந்தது. ஆனால் 'தி பயானிக் வுமன்', 'வொண்டர் வுமன்' வாராந்திரத் தொடர்கள் வருவதற்கு முன்பே, ஒரு சூப்பர்ஹீரோயினை மையமாக வைத்து அமெரிக்க டிவியில் வாராவாரம் ஓடியது இதுதான். பலருக்கு இது தெரியாது. தொடர் ஹிட்டானதும் டிசி நிறுவனம் 1976-ல் காமிக்ஸாகவும் கொண்டுவந்தது, 8 இதழ்களோடு நின்றுபோனது.

இதில் எகிப்து எவ்வளவு இருந்தது? தாயத்து, தலைப்பட்டை, பெயர். அவ்வளவுதான். கணவனின் உடலைத் தேடி அலைந்த துயரமும் இல்லை, ராவையே மடக்கிய தந்திரமும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை ஆபத்திலிருந்து மீட்டு, புத்திமதி சொல்லும் நல்ல டீச்சர். இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அந்த வயதுப் பெண் குழந்தைகளுக்கு டிவியில் பறக்கிற பெண் ஒருத்தி கிடைத்தாள், அது சின்ன விஷயமில்லை. ஆனால் எகிப்தியப் பெண் யாருக்கும் அதில் இடமில்லை.

எகிப்தியப் பெண் வந்தார், இறந்தார்

30 ஆண்டுகள் கழித்து 2006-ல் '52' என்ற வாராந்திரக் காமிக்ஸில் டிசி ஐசிஸை மறுபடி உருவாக்கியது. பழைய கதாபாத்திரம் ஃபிலிமேஷனுடைய படைப்பு என்பதால் புது ஆள். ஆண்ட்ரியா தாமஸ் என்ற பெயரைக் கொஞ்சம் திருப்பி அட்ரியானா டோமாஸ். இந்த முறை உண்மையிலேயே எகிப்தியப் பெண்.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் அவர் அறிமுகமாவதே, ஒரு குற்றக் கும்பல் பிளாக் ஆடமுக்குப் 'பரிசாக' கொண்டுவரும் அடிமையாக. ஆடம் அவரை விடுவிக்கிறார், சக்தி கிடைக்கிறது, திருமணம் நடக்கிறது. ஆடமின் முரட்டுத்தனத்தை மட்டுப்படுத்துவதே அவருடைய முக்கிய வேலையாகிறது. அந்தத் தொடர் முடிவதற்குள்ளேயே ஐசிஸ் செத்துப்போகிறார், அந்தக் கோபத்தில் ஆடம் ஒரு நாட்டையே அழிக்கிறார். புராணத்தில் கணவன் சாக, மனைவி போய் மீட்டாள். காமிக்ஸில் மனைவி சாக, கணவன் பழிவாங்கினான். கதையை அப்படியே தலைகீழாகப் புரட்டிப்போட்டுவிட்டார்கள். ஒசைரிஸ் என்ற பெயரும் வருகிறது, ஆனால் அட்ரியானாவின் தம்பிக்கு.

பிறகு காமிக்ஸ் வழக்கப்படி ஐசிஸ் உயிரோடு திரும்பினார். அந்த உலகில் யாரும் நிரந்தரமாகச் சாவதில்லை.

2014-ல் மாறியது என்ன?

'ஸ்மால்வில்' தொடர் 2010-ல் 'ஐசிஸ்' என்ற தலைப்பிலேயே ஒரு எபிசோடு ஒளிபரப்பியது. யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. 2014 ஜூனில் ஈராக்கின் மொசூல் நகரத்தைப் பயங்கரவாதிகள் கைப்பற்றிய பிறகு, அந்த நான்கு ஆங்கில எழுத்துகள் உலகம் முழுக்க வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டன.

அதன்பின் நடந்தது ஒரு பெரிய பெயர் மாற்றப் படலம். அமெரிக்க மொபைல் நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய ஐசிஸ் என்ற பணப் பரிவர்த்தனை ஆப், சாஃப்ட்கார்டு ஆனது. அதே பெயரில் இருந்த பெல்ஜியம் சாக்லேட் நிறுவனம் லீபேர்ட் என்று மாறியது. 'ஆர்ச்சர்' கார்ட்டூன் தொடரில் வந்த உளவு நிறுவனத்தின் பெயர் காணாமல்போனது. கிழக்கு பசிபிக் புயல்களுக்கான 2016 பட்டியலில் ஐசிஸ் என்ற பெயர் இருந்தது. உலக வானிலை அமைப்பு அதையும் 2015-ல் நீக்கி, ஐவெட் என்று வைத்தது.

சூப்பர்ஹீரோயினுக்கும் இதே கதிதான். 2017-ல் 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' தொடரில் ஐசிஸை அடிப்படையாகக் கொண்டு ஜாரி டோமாஸ் என்ற கதாபாத்திரம் வந்தது. டாலா ஆஷே நடித்தார். காற்றைக் கட்டுப்படுத்தும் தாயத்து இருந்தது, டோமாஸ் என்ற குடும்பப் பெயர் இருந்தது, ஐசிஸ் என்ற பெயர் மட்டும் இல்லை. ஜாரி ஒரு அமெரிக்க முஸ்லிம் பெண். அவருக்குப் போய் அந்த நேரத்தில் அந்தப் பெயரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த சேனலும் துணிந்திருக்காது, துணிந்திருக்கவும் வேண்டியதில்லை. 'பிளாக் ஆடம்' படத்தில் பெயரோடு சக்தியும் சேர்ந்து போய்விட்டது.

இது ஆங்கிலத்தின் பிரச்னை

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. எகிப்தில் பேசும் அரபியில் இந்தக் குழப்பமே கிடையாது. அங்கே தெய்வத்தின் பெயர் ஈஸீஸ். பயங்கரவாத அமைப்பை அதன் அரபிப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'தாயிஷ்' என்கிறார்கள். இரண்டுக்கும் ஒலியில் துளி சம்பந்தம் இல்லை.

ஆங்கிலத்திலேயே இது தவிர்க்க முடியாத விபத்து இல்லை. அமைப்பின் பெயரில் வரும் 'அல்-ஷாம்' என்ற சொல்லை சிரியா என்று மொழிபெயர்த்தால் ஐ.எஸ்.ஐ.எஸ்., லெவண்ட் என்று மொழிபெயர்த்தால் ஐ.எஸ்.ஐ.எல். ஒபாமா அரசு இரண்டாவதைத்தான் பயன்படுத்தியது. ஊடகங்களும் அதையே பிடித்திருந்தால், தெய்வம் தப்பித்திருக்கும். கடைசி ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

தமிழில் நமக்கும் இந்தச் சிக்கல் வரவில்லை. புள்ளி வைத்து ஐ.எஸ்.ஐ.எஸ். என்று எழுதினால் அமைப்பு, சேர்த்து ஐசிஸ் என்று எழுதினால் தெய்வம். ஆக, சொந்த ஊரில் களங்கப்படாத ஒரு பெயர், ஆங்கிலத்தில் களங்கப்பட்டதால் திரையிலிருந்து போனது. அந்தத் தெய்வம் யாருடையதோ அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சொல்லப்போனால் ஐசிஸ் என்பதே கிரேக்கர்கள் உச்சரித்த வடிவம்தான். எகிப்தியப் பெயரை ஆய்வாளர்கள் அசெட் அல்லது இசெட் என்று படிக்கிறார்கள். பழைய பெயருக்கே திரும்பிப் போயிருக்கலாம், ஆனால் ஹாலிவுட்டுக்கு அந்த யோசனை வந்த மாதிரி தெரியவில்லை.

மார்வெல் என்ன செய்தது?

2022 மார்ச்சில் வெளியான 'மூன் நைட்' தொடர் வேறு வழியில் போனது. அதில் லைலா என்ற பெண்ணுக்குச் சக்தி கொடுப்பது டவெரெட், நீர்யானை உருவில் வரும் பிரசவ தெய்வம். எகிப்துக்கு வெளியே அதிகம் பேரறியாத தெய்வம் என்பதால் பெயர்ச் சிக்கல் இல்லை. தெய்வத்தின் சக்தியைத் தாங்கும் மனிதரை அந்தத் தொடரில் 'அவதார்' என்றே அழைக்கிறார்கள், நமக்கு விளக்கவே வேண்டியதில்லை.

முக்கியமான வித்தியாசம் கேமராவுக்குப் பின்னால் இருந்தது. பெரும்பாலான எபிசோடுகளை இயக்கியவர் முகமது தியாப், எகிப்தியர். இசை ஹிஷாம் நசீஹ், அவரும் எகிப்தியர். லைலாவாக நடித்த மே கலமாவியின் தந்தை எகிப்தியர். 'வொண்டர் வுமன் 1984' படத்தில் எகிப்தைக் காட்டிய விதத்தை வெளிப்படையாகவே விமர்சித்தவர் தியாப். கடைசி எபிசோடில் ஒரு சிறுமி லைலாவைப் பார்த்து நீங்கள் எகிப்திய சூப்பர்ஹீரோவா என்று கேட்பாள், அவர் ஆமாம் என்பார். ஐசிஸ் டீச்சராக வந்து 47 வருஷம் கழித்துக் கிடைத்த பதில் அது. படப்பிடிப்பின் பெரும்பகுதி நடந்தது என்னவோ ஹங்கேரியில்.

எகிப்தியர்களே வரைந்தால்?

அதுவும் நடந்திருக்கு. 2013-ல் தீனா முகமது என்ற எகிப்தியப் பெண், 18 வயதில் இணையத்தில் 'காஹெரா' என்ற காமிக்ஸை வரையத் தொடங்கினார். ஹிஜாப் அணிந்த சூப்பர்ஹீரோயின். சண்டை போடுவது வேற்றுக்கிரகவாசியோடு இல்லை, தெருவில் பெண்களைச் சீண்டுகிறவர்களோடும், ஹிஜாப் அணிந்தவர்களைக் 'காப்பாற்ற' வரும் மேற்கத்தியர்களோடும். தாயத்தும் இல்லை, பிரமிடும் இல்லை. பெயரையும் பழைய தெய்வங்களிடமிருந்து எடுக்கவில்லை. காஹெரா என்றால் அரபியில் வெற்றிகொள்பவள். கெய்ரோ நகரத்தை அங்குள்ளவர்கள் அழைக்கும் பெயரும் அதுதான்.