ஆற்றைக் காக்க ஊருக்கு நிதி

நுழையும்முன்
ஆறுகளைக் காக்க அரசு நிதி வழங்குகிறது. கரையோர மக்கள் உழைப்பை வழங்க இயலும். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடவேண்டியதன் தேவையைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதியைச் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது இக்கட்டுரை.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியும் ஓட, இடையே தீவாக அமைந்துள்ளது திருவரங்கம். காவிரியின் தென்கரையில் விரிந்துள்ளது திருச்சிராப்பள்ளி மாநகர். இவ்விரு ஆறுகளின் மணற்படுகைக் கிணறுகளே இந்நகர மக்களின் தாகம் தீர்க்கின்றன. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் புதுப்புனலை வணங்குவோர், ஆண்டு முழுவதும் பருகுவதும் அவ்வாற்று நீரையே. எனவே, ஆற்றில் எது கலந்தாலும் அது வீட்டுக் குடத்தைத் தேடி வரக்கூடும்.

மழை கொணரும் மாசு

ஆற்று மாசு இருவகைப்படும். ஆலைக்கழிவும் சாக்கடையும் குழாய் வழியே வந்து கலப்பவை. அவற்றின் வாயிலை அறியலாம், தடுக்கலாம், சுத்திகரிக்கலாம். மற்றொரு வகை, மழைநீர் அடித்துவரும் மாசு. பருவமழை தொடங்கியதும் தெருக்குப்பை, சாலையில் சிந்திய எண்ணெய், தொழுவத்துச் சாணம், வயலில் மிகுதியாக இட்ட உரம், அரித்த மண் ஆகியன திரண்டு வாய்க்காலில் இறங்குகின்றன. இம்மாசுக்கு ஒற்றை வாயில் இல்லை. ஒவ்வொரு வீடும் வயலும் அதன் தொடக்கமே.

உய்யக்கொண்டான் வாய்க்கால் இதற்குத் தக்க சான்று. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் இவ்வாய்க்கால், வாழைத் தோட்டங்களையும் நெல்வயல்களையும் கடந்து, மாநகரின் ஊடே சென்று வாழவந்தான்கோட்டை ஏரியை அடைகிறது. வயலின் உரமும் நகரின் குப்பையும் இதில் சேர்கின்றன. நீரில் கரைந்த நைட்ரசனும் பாசுபரசும் ஆகாயத்தாமரைக்கு உணவாகின்றன. அது படர்ந்து நீரோட்டத்தைத் தடுக்கிறது. அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியைக் குறைக்கிறது.

நிதி செல்லும் வழி

தேசிய ஆற்றுப் பாதுகாப்புத் திட்டத்தில் திருச்சியும் திருவரங்கமும் இடம்பெற்றன. அதன்வழிப் பஞ்சப்பூரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு உருவானது. இத்தகைய பணிகள் இன்றியமையாதவை. அவற்றைச் செய்வது அரசின் கடமை. ஆயினும், மழை கொணரும் மாசை ஒரு நிலையத்திற்குள் அடக்க இயலாது. மண்ணாய்வு செய்து அளவோடு உரமிடுதல், கரையில் புல்லும் வெட்டிவேரும் வளர்த்தல், குப்பையைத் தரம்பிரித்தல், மழைக்கு முன் வடிகால்களைத் தூர்வாருதல் ஆகிய சிறுபணிகளே அதனைக் குறைக்கும். ஆண்டுதோறும் இவற்றைச் செய்யத்தக்கவர் அங்கேயே வாழும் மக்கள்தாம்.

நிதிக்கும் வழியுண்டு. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு, துப்புரவுக்கும் குடிநீர், மழைநீர்ச் சேமிப்பு முதலியவற்றுக்கும் உரியது. இத்தகைய மானியத்தின் ஒரு பகுதியேனும் கரையோர மக்கள் குழுக்களின் பணிக்குச் செல்லவேண்டும்.

தெரிந்து தெளிவோம்
அமெரிக்காவின் தூயநீர்ச் சட்டத்தில் 1987ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 319ஆம் பிரிவு, வழிந்தோடும் நீரால் ஏற்படும் மாசைக் குறைக்க மாநிலங்களுக்கு நிதி வழங்குகிறது. நடுவண் அரசின் பங்கு 60 விழுக்காட்டுக்கு மிகாது. எஞ்சியதை மாநிலமும் உள்ளூர் அமைப்புகளும் ஏற்கவேண்டும்.

மரபு தரும் பாடம்

ஊருக்கு நிதி வழங்குவது தமிழர்க்குப் புதிதன்று. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. அதன் வருவாய் ஆண்டுதோறும் அப்பணிக்கு உதவியது. ஒருமுறை வழங்கித் தீர்ந்துபோகும் தொகையாக அன்றித் தொடர்ந்து பயன்தரும் நல்கையாக அமைந்ததே அதன் சிறப்பு.

மரபின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. மராமத்து வேலைக்கு வராதவர்மீது தண்டம் விதிக்க 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் இடமளித்தது. பொதுநலத்தின் பெயரால் எளியோர் தோளில் சுமையேற்றும் இம்முறை மீண்டும் தலைதூக்கக் கூடாது. வாய்க்காலில் இறங்கி உழைப்பவருக்கு உரிய கூலியும் பாதுகாப்புக் கருவிகளும் நல்கையிலிருந்தே வழங்கப்படவேண்டும்.

ஐயமும் தெளிவும்

மக்கள் குழுக்களின் பெயரால் ஒப்பந்தக்காரர் பயனடைவர் என்பர் சிலர். இவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட குடிமராமத்துத் திட்டத்தில் பாசன விவசாயிகள் 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ ஏற்றனர். பங்களித்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமை மெய்ப்பட, கணக்கைக் கிராமசபையில் படிக்கவேண்டும். மாநகரில் வார்டு மக்கள் முன் வைக்கவேண்டும். தொகையைத் தவணைகளாக விடுவிக்கவேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் நீரை ஆய்ந்து, முடிவைக் கரையிலேயே எழுதிவைக்கவேண்டும். தூர்வாரிய நீளத்தைவிடத் தெளிந்த நீரே வெற்றிக்கு அளவுகோல்.

பேட்டைவாய்த்தலை உழவர் குறைத்திடும் ஒரு பிடி உரம், மாநகரவாசிக்கு நன்மை. மாநகரவாசி தடுக்கும் ஒரு கூடைக் குப்பை, வாழவந்தான்கோட்டை உழவருக்கு நன்மை. ஒருவர் உழைப்பின் பயன் கீழ்க்கரையில் வாழும் மற்றொருவரைச் சேர்வதால், அதற்குரிய செலவைப் பொதுநிதி ஏற்பதே அறமாகும்.