இரத்த உறைவுப் பரிசோதனை: கீரையைக் கேட்கும் முன் கருவியைக் கேளுங்கள்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடும் நோயாளிக்கு எத்தனை மாத்திரை என்பதை ஐ.என்.ஆர். எண்தான் முடிவு செய்கிறது. அந்த எண்ணுக்கு அலோர்ஸ்டாரிலும் பாலிங்கிலும் ஒரே பொருள் இருக்க வேண்டும். வினைப்பொருளோ கருவியோ மாறும்போதெல்லாம் அளவுத்திருத்தத்தைச் சரிபார்த்த பிறகே முடிவை வெளியிட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இரத்தம் உறைய எத்தனை விநாடி பிடிக்கிறது என்பதை மட்டுமே கருவி அளக்கிறது. மற்றது கணக்கு. நோயாளிக்கு 24 விநாடி, இயல்பான சராசரி 12 விநாடி என்றால் விகிதம் 2. வினைப்பொருளின் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஐ. எண்ணை அடுக்காக வைத்து இந்த விகிதத்தை உயர்த்தினால் ஐ.என்.ஆர். கிடைக்கும்: ஐ.எஸ்.ஐ. 1 ஆனால் ஐ.என்.ஆர். 2, ஐ.எஸ்.ஐ. 2 ஆனால் ஐ.என்.ஆர். 4. ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ளவருக்கு வழக்கமான இலக்கு 2 முதல் 3 வரை. நிஜத்தில் 4 இருப்பவருக்கு 2 என்று சொல்லி மாத்திரையைக் கூட்டினால் மூளையில் இரத்தம் கசியலாம். தவறு எதிர்த்திசையில் போனால் இரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம்.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. 2001இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மருத்துவமனை ஒன்றில் தவறான ஐ.எஸ்.ஐ. எண்ணை வைத்துக் கணக்கிட்டதால் 900க்கும் மேற்பட்டோருக்குப் பிழையான முடிவு போனது, உயிர்களும் போயின. 2018இல் அதே நாட்டில், விரல்நுனி இரத்தத்தில் சோதிக்கும் கோவாகுசெக் பட்டைகள் 11 இலட்சம் பொட்டலங்களுக்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. வேறோர் அனைத்துலகத் தரத்துக்கு மாற்றி அளவுத்திருத்தம் செய்ததில் வந்த கோளாறு அது.

பாடாங் செராய், பீடோங் தோட்டப்புறங்களிலிருந்து சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காக வரும் நாள்கூலித் தொழிலாளிக்கு அன்றைய சம்பளம் போகிறது. எண் ஏறி இறங்கினால், “முருங்கைக்கீரை சாப்பிட்டீங்களா?” என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கீரையில் உள்ள வைட்டமின் கே எண்ணை இறக்கும் என்பது உண்மையே. ஆனால் கீரை சாப்பிடாதவரின் எண்ணும் குதித்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பரிசோதனைக்கூடம்.

நாங்கள் கேட்பவை:

1. வினைப்பொருளின் புதிய தொகுதி வந்தால், ஒரே இரத்த மாதிரிகளைப் பழையதிலும் புதியதிலும் சோதித்து ஒப்பிட வேண்டும். கணினியில் உள்ள ஐ.எஸ்.ஐ. எண்ணையும் இயல்புச் சராசரியையும் இருவர் சரிபார்க்க வேண்டும்.

2. கிளினிக்குகளின் விரல்நுனிக் கருவிகளைக் குறித்த இடைவெளியில் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தின் முடிவோடு ஒப்பிட வேண்டும்.

3. நீலமூடிக் குழாயில் குறியிட்ட அளவுவரை இரத்தம் எடுக்க வேண்டும். குறைந்தால் குழாயிலுள்ள உறைவுத்தடுப்பான சிட்ரேட் மிகுந்து, உறையும் நேரம் நீளும். அதை எந்த அளவுத்திருத்தமும் ஈடுசெய்யாது.

4. கருவியோ வினைப்பொருளோ மாறினால் மருந்தாளர்கள் நடத்தும் வார்ஃபரின் கிளினிக்குக்கு உடனே தெரிவித்து, நோயாளியின் வார்ஃபரின் புத்தகத்திலும் குறிக்க வேண்டும்.

எந்த மருத்துவமனை மீதும் நாங்கள் குற்றம் சாட்டவில்லை. நோயாளிகளும் சந்தேகத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. புத்தகத்தைக் காட்டி, “போன தடவை இதே கருவியிலா பார்த்தீங்க?” என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் பெறுவது உங்கள் உரிமை.