பூஜ்ஜியம் போட்ட ஊர்

பேஸ்பால் சிமுலேஷன் விளையாட்டுகளை நம்மில் சிலராவது பார்த்திருப்பீங்க. 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' அதில் பிரபலமான ஒண்ணு. பேட் பிடிக்கிற வேலை நமக்குக் கிடையாது. ஒரு லீகை உருவாக்கி, அணியை நிர்வகிச்சு, முப்பது நாற்பது சீசன் ஓட்டலாம். பழைய வீரர்கள் ஓய்வு பெறப் பெற, கம்ப்யூட்டரே புது வீரர்களைப் பிறக்க வைக்கும். பேர், வயசு, திறமை, கூடவே பிறந்த நாடு, ஊர்.

இந்தப் பிறந்த நாட்டை எப்படி முடிவு பண்றது? நாம கோட் எழுதினா என்ன செய்வோம்னு யோசிங்க. நிஜ லீகோட டேட்டாவை எடுப்போம், நாடுவாரியா வெயிட் போடுவோம், ரேண்டமா ஒண்ணைத் தேர்ந்தெடுப்போம். பத்து வரி பைத்தான், வேலை முடிஞ்சது.

ஒரு சீசனுக்கு இது சரி. முப்பது சீசனுக்கு இது தப்பு என்பதுதான் என் கருத்து.

இதே கோடை 1955-இல் எழுதியிருந்தா, டொமினிகன் குடியரசுக்கு என்ன வெயிட் வந்திருக்கும்? பூஜ்ஜியம். அங்கே பிறந்த ஒருத்தர்கூட அதுவரை அமெரிக்காவின் மேஜர் லீகில் ஆடினது இல்ல. அடுத்த வருஷமே, 1956-இல், ஆஸி விர்ஜில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக இறங்கினார். 2023 சீசனின் தொடக்க நாள் பட்டியலில் இருந்த 945 பேரில் 104 பேர் அந்த ஒரே நாட்டில் பிறந்தவங்க. நம்ம கோடோ இன்னிக்கு வரைக்கும் அங்கே ஒரு ஆளைக்கூடப் பிறக்க வச்சிருக்காது. பூஜ்ஜியத்தை எத்தனை சீசனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே!

1955-இல் அந்தத் தீவில் ஆளே இல்லையா? இருந்தாங்க. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், போரிலிருந்து தப்பி வந்த கியூபாக்காரங்க பேஸ்பாலை அங்கே கொண்டுவந்துட்டாங்க. சான் பெட்ரோ தெ மாகோரீஸ் ஊரின் சர்க்கரை ஆலைகளைச் சுற்றி அது வளர்ந்தது. கரும்பு வேலைக்கு ஆங்கிலம் பேசும் பக்கத்துத் தீவுகளிலிருந்து வந்தவங்க கிரிக்கெட் ஆடினவங்க. அவங்க பிள்ளைகள் பேஸ்பாலுக்கு மாறினாங்க. ஆனா 1947-இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்குற வரைக்கும் கறுப்பினத்தவருக்கு மேஜர் லீகில் இடமே கிடையாது. கதவு பூட்டியிருந்ததைத்தான் டேட்டா பூஜ்ஜியம்னு பதிவு பண்ணி வச்சிருந்தது.

குராசாவோ தீவையும் பாருங்க. மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரை லட்சம்தான். அங்கிருந்து முதல் ஆள் ஹென்ஸ்லி மியூலன்ஸ், 1989-இல் வந்தார். 1996 வேர்ல்ட் சீரிஸில் 19 வயசு ஆண்ட்ரூ ஜோன்ஸ் தன் முதல் இரண்டு வாய்ப்பிலும் ஹோம் ரன் அடிச்சார். பிறகு கென்லி ஜான்சென், ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ், ஆஸி அல்பீஸ்னு வரிசையா வந்தாங்க. ஒருத்தர் போய்ச் சேர்ந்தா ஊரோட வெயிட்டே மாறுது.

விதி மாறினாலும் வெயிட் மாறும். டொமினிகன் பையன்களை 16 வயசிலேயே அணிகள் நேரடியா ஒப்பந்தம் பண்ணலாம். அதனால 30 அணிகளும் அங்கே அகாடமி நடத்துறாங்க. பியூர்ட்டோ ரிக்கோ 1990-இல் டிராஃப்டுக்குள் வந்தது. நாம வளர்த்த பையனை இன்னொரு அணி எடுத்துக்கும்னா யார் அகாடமி கட்டுவா?

"சும்மா ஒரு கேமுக்கு இவ்வளவா?"ன்னு நீங்க கேட்கலாம். பழைய டேட்டாவிலிருந்து எதிர்காலத்தை உருவாக்குற வேலையைத்தான் நம்மில் பாதிப் பேர் நாளைக்குச் சம்பளத்துக்குச் செய்யப்போறோம். அங்கே போடுற பூஜ்ஜியம் நிஜ ஆளுங்க மேல விழும். விளையாட்டிலேயே பழகிக்கிறது நல்லது.

தீர்வும் கஷ்டமில்ல. லாப்லாஸ் ஸ்மூத்திங் நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான்: டேட்டாவில் இல்லாத நாட்டுக்கும் ஒரு எண்ணிக்கை கூட்டிப் போடுங்க. ஒரு நாட்டு வீரர் ஜெயிச்சா, பத்துப் பதினைந்து சீசன் கழிச்சு அந்த நாட்டோட வெயிட் ஏறட்டும். அகாடமி மூடினா இறங்கட்டும்.

கடைசியா ஒரு கேள்வி. 2008-இல் ஒரு டிவி போட்டி மூலமா உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு இல்ல, இவர் வேற), தினேஷ் படேல்னு இரண்டு ஈட்டி எறியும் பையன்களை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் பண்ணாங்க. இருவருமே மேஜர் லீகை எட்டல. உங்க லீகில் இந்தியாவுக்கு என்ன வெயிட் போடுவீங்க? எவ்வளவு சின்ன எண்ணா இருந்தாலும் பரவாயில்ல, பூஜ்ஜியம் மட்டும் வேண்டாம்.