‘உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது’: திரையை மறைக்கும் போலி போலீஸ் நோட்டீஸை நீக்குவது எப்படி?

ஏதோ ஒரு லிங்க்கை க்ளிக் செய்ததும் திரை முழுக்க அசோகச் சின்னம். மேலே மத்திய உள்துறை அமைச்சகம் அல்லது சட்ட அமைச்சகத்தின் பெயர். ‘தடை செய்யப்பட்ட ஆபாசத் தளங்களைப் பார்த்ததால் உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டுள்ளது. சில மணி நேரத்துக்குள் அபராதம் கட்டாவிட்டால் கைது’ என்று ஒரு நோட்டீஸ். அதற்குக் கீழே கார்டு நம்பர் போடச் சொல்லி கட்டங்கள். மவுஸ் அம்பைக் காணோம், மூடுவதற்கான பட்டனையும் காணோம். சில நேரம் அலாரம் சத்தம் வேறு.

உண்மையில் அங்கே எதுவும் பூட்டப்படவில்லை. அது வெறும் ஒரு இணையப் பக்கம். யூடியூப் வீடியோவை ஃபுல் ஸ்கிரீனில் பார்க்க பிரவுசர் ஒரு வசதி தருகிறது இல்லையா, அதே வசதியைத்தான் இந்தப் பக்கமும் பயன்படுத்துகிறது. ஃபுல் ஸ்கிரீன் ஆனதும் நிஜ முகவரிப் பட்டை மறைந்துவிடும். அந்த இடத்தில் அரசு இணையதள முகவரியோடு ஒரு பட்டையைப் படமாக வரைந்து வைத்திருப்பார்கள். மவுஸ் அம்பை மறைப்பது, மூட மூட பாப்-அப் வர வைப்பது எல்லாமே சில வரி கோடிங் வேலைதான்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், ஷூ கம்பெனி அலுவலகங்களில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரே சிஸ்டத்தை இரண்டு மூன்று பேர் பயன்படுத்தும் இடங்களில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், வெளிநாட்டு பையரின் மெயில் எல்லாம் அதே சிஸ்டத்தில்தான் இருக்கும். நிஜ ரான்சம்வேர் என்றால் அந்த ஃபைல்களே திறக்காது. ஃபைல் பெயர்களின் கடைசிப் பகுதி மாறியிருக்கும். அப்படி நடந்தால் உடனே நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு சிஸ்டம் ஆளைக் கூப்பிட வேண்டும். போலி போலீஸ் பக்கம் ஃபைல்களைத் தொடுவதே இல்லை. பிரவுசரை மூடினால் கதை முடிந்தது.

மூடுவது எப்படி?

முதலில் எஸ்கேப் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். லேசாகத் தட்டினால் சில பக்கங்கள் அசையாது, பிடித்தே இருக்க வேண்டும். அதற்கும் மசியவில்லையா, ஆல்ட் பட்டனோடு எஃப்4. அதுவும் வேலை செய்யாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அது நேராக விண்டோஸுக்குப் போகும் கட்டளை, எந்த இணையப் பக்கத்தாலும் தடுக்க முடியாது. அங்கே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசர் பெயரைத் தேர்வு செய்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மேக் என்றால் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே ‘போலீஸ்’ திரும்ப வந்து நிற்கும்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், ஆப்ஸ் வழியாகப் போய் குரோமை ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ செய்யலாம். அடுத்த முறை திறக்கும் முன் டேட்டா, வைஃபை இரண்டையும் ஆஃப் செய்தால் அந்தப் பக்கம் லோட் ஆகாது, டேபை நிதானமாக மூடலாம். ஐபோனில் சஃபாரி ஹிஸ்டரியை அழித்தால் போதும். கடைசியாக, பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதியைப் பாருங்கள். தெரியாத தளம் எதற்காவது அனுமதி கொடுத்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

இவ்வளவு சுலபமாக மூட முடிகிற ஒன்றுக்கு ஏன் பணம் கட்டுகிறார்கள்? வெட்கம். ‘ஆபாசத் தளம்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம்கூடக் காட்டத் தோன்றாது. வேறு ஏதோ தளம் பார்க்கப் போய் விளம்பரம் வழியாக இதில் சிக்கியவருக்கும் அதே நிலைதான்.

இந்த மோசடிக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. 2021-ல் இப்படிப் போலி நோட்டீஸ் காட்டி, ஆளுக்கு 3,000 ரூபாய் ‘அபராதம்’ வசூலித்த கும்பலை டெல்லி போலீஸின் சைபர் பிரிவு தேடியபோது, பணம் போன தடம் தமிழ்நாட்டில் வந்து நின்றது. இங்கே மூன்று பேர் கைதானார்கள். தொழில்நுட்ப வேலைகள் கம்போடியாவிலிருந்து நடந்ததாகவும், 20-க்கும் மேற்பட்ட வங்கிக் கணக்குகள் வழியாகச் சுமார் 30 லட்சம் ரூபாய் போயிருப்பதாகவும் போலீஸ் சொன்னது. தொகை சின்னதாக இருந்ததுதான் அவர்களுடைய சாமர்த்தியம். 3,000 ரூபாய்க்காக ஸ்டேஷன் படியேறி, எந்தத் தளம் பார்த்தேன் என்று சொல்ல யார் போவார்கள்?

அப்புறம் தொகை ஏறியது. 2023 செப்டம்பரில் கேரளாவின் கோழிக்கோட்டில் பிளஸ் ஒன் மாணவர் ஒருவரின் லேப்டாப்பில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பெயரில் நோட்டீஸ் வந்தது. கேட்ட தொகை 33,900 ரூபாய். கட்டாவிட்டால் கைது என்ற மிரட்டலை நிஜமென்று நம்பிய அந்தப் பையன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தக் காப்பகம் குற்றப் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் அமைப்பு. யாருக்கும் அபராதம் போடுவது அதன் வேலையே கிடையாது. இதை அந்தப் பையனிடம் சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால்... (மன உளைச்சலில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம்.)

சட்டம் என்ன சொல்கிறது?

வயது வந்த ஒருவர் தனிமையில் ஆபாசப் படம் பார்ப்பது மட்டுமே இந்தியாவில் குற்றமாகாது. குழந்தைகள் தொடர்பானவை கடுமையான குற்றம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்தக் குற்றமாக இருந்தாலும் போலீஸ் பாப்-அப்பில் வந்து கார்டு நம்பர் கேட்காது. விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற மின்னணு வழிகளில் கொடுத்தால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

கார்டு விவரம், ஓடிபி கொடுத்துவிட்டவர்கள் முதலில் வங்கி ஆப்பில் கார்டை பிளாக் செய்துவிட்டு 1930-க்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. கம்பெனி கார்டு என்றால் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் அப்போதே சொல்லியாக வேண்டும். ‘என்ன தளம் பார்த்தே?’ என்று முதல் கேள்வி கேட்கும் மேனேஜர் இருக்கிற ஆபீஸில் அந்தத் தகவல் தாமதமாகத்தான் வரும். அது பணத்துக்குத்தான் நஷ்டம்.

சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். நேரில் போவதென்றால் மாவட்டத்தைப் பார்த்துப் போங்கள். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர் மாவட்ட சைபர் கிரைம் போலீஸ், மேல்விஷாரத்துக்கு ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுக்கு வேலூர். மூடுவதற்கு முன் அந்தத் திரையை இன்னொரு போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும், பணம் போன மெசேஜையும் கையோடு எடுத்துப் போங்கள்.