காய்ச்சலுக்கும் கணக்கு வேண்டும்

பாலுக்குக் கணக்கு உண்டு. ஒட்டுப்பாலுக்கும் கணக்கு உண்டு. தொழிலாளியின் காய்ச்சலுக்கு மட்டும் தோட்டத்தில் கணக்கு இல்லையே, ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டத்தில் ஒரே லயத்தில், ஒரே வாரத்தில் மூவர் பெரட்டுக்கு வரவில்லை. கிராணிகளாகிய நாம் செக்ரோலில் கோடு போட்டதோடு சரி, காரணம் கேட்கவில்லை. நான்காமவர், சம்பளம் போய்விடுமே என்று காய்ச்சலை மறைத்து மரம் வெட்டினார். சில நாளில் சூடு தணிந்தது, குணமாகிவிட்டது என்றிருந்தார். அன்றிரவே மயங்கி விழுந்தார். டிங்கி! சூடு தணியும் வேளைதான் அதில் ஆபத்தான வேளை என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அவர் பிழைத்தார், அதில் நம் பங்கு ஒன்றுமில்லை.

1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன், காய்ச்சல்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தார். அங்கிருந்த சதுப்பு நீரை வடியச் செய்தார். மறு ஆண்டே மலேரியாச் சாவு வெகுவாகக் குறைந்தது. நோய் இருக்கும் இடம் தெரிந்தால்தானே அதை அடக்க முடியும்?

டிங்கிக் கொசு பகலில் கடிப்பது, வெகுதூரம் பறக்காதது. கவிழ்க்காத மங்கிலும், தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கிய நீரில் ஏழு, பத்து நாளில் வளர்ந்துவிடும். ஆகவே நோயாளியின் வீட்டைச் சுற்றித்தான் முதலில் தேட வேண்டும். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி டிங்கியைக் கண்ட மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தாக வேண்டும். தொழிலாளி மருத்துவரிடமே போகாவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

தோழர்களே! காய்ச்சலை மறைக்க வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், மருத்துவர் சான்றின் பேரில் சம்பளத்துடன் நோய் விடுப்புத் தருகிறது. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். ஐந்தாண்டுக்குள் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைப்போருக்கும் இவ்வுரிமை உண்டு. கொசு கடப்பிதழ் பார்த்துக் கடிப்பதில்லை.

கிராணித் தோழர்களே! வராதவர் பெயருக்கு நேரே காரணத்தையும் எழுதுவோம். ஒரு லயத்தில் இருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றே சுகாதார அலுவலகத்துக்குச் சொல்வோம். சங்கக் கிளைகள் இதை நிர்வாகத்திடம் வற்புறுத்த வேண்டும். வெட்டு நின்ற மரங்களில் மங்கைக் கவிழ்ப்பதும், வாரம் ஒருமுறை லயத்தைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டுவதும் நம் எல்லோர் வேலை.

பேனா நம் கையில்தான் இருக்கிறது. இனி வெறுங்கோடு போட வேண்டாம்.