பொதுக் கூரை

ஞாயிறு செல்வர் மாடத்திற்கும் எளியவர் இல்லத்திற்கும் வேறுபாடின்றி ஒளி வழங்குகின்றது. ஆயினும், அவ்வொளியை மின்சாரமாக்கிப் பயன்கொள்ளும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒருபடித்தாக அமையவில்லை. தனி வீடு உடையவர் தம் கூரைமீது சூரியத் தகடுகளைப் பதித்து, மின்கட்டணத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு வாழ்பவர்க்கோ சொந்தக் கூரை இல்லை. நூறு குடும்பங்கள் வாழும் கட்டடத்திற்கும் கூரை ஒன்றே. அதுவும் பிறர் உடைமை. செல்வரினும் தம் வருவாயில் மிகுதியான பங்கை மின்கட்டணத்திற்குச் செலவிடும் எளியவரே இப்பயனை இழத்தல் முறையாகுமோ?

இக்குறையை நீக்கச் சில நாட்டினர் முயன்றுள்ளனர். லண்டன் மாநகரின் பிரிக்ஸ்டன் பகுதியில், லஃபரோ என்னும் பொதுக் குடியிருப்பின் கூரையில், 2012ஆம் ஆண்டு மக்கள் கூட்டுறவு முறையில் பணம் திரட்டிச் சூரியத் தகடுகளை நிறுவினர். அம்மின்சாரம் மின்தூக்கிக்கும் பொது விளக்குகளுக்கும் பயன்பட்டது. இது போற்றத்தக்க தொடக்கமே. எனினும், படிக்கட்டில் விளக்கு எரிவதனால் மட்டும் குடும்பத்தின் மின்கட்டணம் குறைந்துவிடாது.

கலிஃபோர்னியா மாநிலம் மேலும் ஒரு படி சென்றது. 2015ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட சட்டம், குறைந்த வருவாய் உடையோர் வாழும் அடுக்குமாடிக் கட்டடங்களில் சூரிய மின்சாரம் அமைக்க வழிவகுத்தது. கூரையில் விளையும் மின்சாரம் ஓர் அளவியின் வழியே பொது மின்தொடரைச் சேர்கின்றது. மின்வழங்கு நிறுவனம் அதனைக் கணக்கிட்டு, முன்னரே வகுத்த பங்கின்படி ஒவ்வொரு குடும்பத்தின் கட்டணத்திலும் கழித்துக்கொள்கின்றது. ஒவ்வொரு வீட்டிற்கும் தனிக் கம்பி இழுக்க வேண்டுவதில்லை. பகலெல்லாம் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவோரும் தம் பங்கை இழப்பதில்லை. மின்சாரத்தில் 51 விழுக்காட்டிற்குக் குறையாத பங்கு குடியிருப்போரையே சேர வேண்டும் என்பது இத்திட்டத்தின் விதி.

“கூரை உடையவர் ஒருவர், பயன் பெறுபவர் மற்றொருவர், இது தகுமோ?” எனச் சிலர் வினவுவர். உடைமையாளர் தம் கைப்பொருள் முழுவதையும் இட்டிருப்பாராயின், இவ்வினாவிற்கு வலிமை உண்டு. ஆனால், இத்திட்டத்திற்குரிய உதவித்தொகை கரிவளி வெளியீட்டு உரிமங்களின் விற்பனையால் வரும் பொதுப்பணமாகும். பொதுப்பணம் பெற்ற கூரையின் பயன் ஒருவரிடமே தங்குதல் நீதியன்று. பொதுவிடங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்படுவதால், உடைமையாளரும் வெறுங்கையராய் நிற்பதில்லை.

பங்கிடும் முறையைச் சட்டம் வரையறுத்தல் வேண்டும். கணக்கைக் குடியிருப்போர் காணவும் வினவவும் உரிமை வேண்டும். கட்டணத்தில் குறைந்ததை வாடகையில் ஏற்றாதவாறு காவலும் வேண்டும். இவை இல்லையேல், ஈகை என்னும் பெயர் மட்டுமே எஞ்சும்.

உணவைப் பகிர்ந்துண்டல் அறம் என்பதை நாம் நன்கு அறிவோம். கதிரொளியைப் பகிர்தலும் அவ்வறத்தின் பாற்பட்டதே. உணவை ஈவோர் தம் பொருளைத் தருகின்றனர். ஒளியைப் பகிர்வோரோ எவரும் விலைகொடுத்து வாங்காத ஒன்றையே பகிர்கின்றனர். அதற்கும் மனம் சுருங்கலாமோ?