வீட்டுக்கு அடியில் வியர்வை

அமெரிக்காவின் வட கரோலினாவில் பல வீடுகள் மண்ணைத் தொடுவதில்லை. அடியில் ஆள் தவழ்ந்து போகுமளவு இடைவெளி. காற்றோடினால் ஈரம் காயும் என்று சுற்றுச்சுவரில் துவாரம் விட்டார்கள்.

கோடையில் நடப்பது நேர்மாறு. வெளியே 32 டிகிரி செல்சியஸ், 70 சதவீத ஈரப்பதம் என்றால், அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே நீர் கோக்கத் தொடங்கும். அடியில் ஓடும் ஏ.சி. குழல்கள் அதைவிடக் குளிர்ந்தவை. ஐஸ் தண்ணீர் நிரப்பிய செம்பைப் போல வியர்க்கின்றன. மரச்சட்டங்களில் பூஞ்சை பிடிக்கிறது. அடியிலுள்ள காற்றில் ஒரு பங்கு வீட்டுக்குள் ஏறுகிறது; அதைத்தான் மேலே குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள்.

அம்மாநிலத்தின் பிரின்ஸ்வில்லில் 12 வீடுகளை ஆராய்ந்தார்கள். துவாரத்தை அடைத்து, மண்மேல் பாலித்தீன் விரித்து மூடிய வீடுகளின் அடிப்பகுதி நன்கு உலர்ந்திருந்தது. குளிரூட்டவும் சூடேற்றவும் ஆகும் ஆற்றலும் 15 சதவீதமோ அதற்கு மேலோ மிச்சமானது.

அங்கே வீடு வாங்கும் தமிழர்கள் முதலில் குனிந்து அடிப்பகுதியைப் பார்க்கட்டும்.